ஆளுக்கோர் ஏடு! அரசாள்வது யார்?



இந்த ஞாயிற்றுக்கிழமை ஏட்டை நீ விரித்துப் படிக்கும் இதே வேளையில், தென்கோடியில் ஒரு தேநீர்க் கடை மேசையிலே இதே பக்கம் கிடக்கும். வடகோடியில் படிப்பகத்துத் திண்ணையில் அமர்ந்துள்ள முதியவர் ஒருவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இதே வரியைத் தேடுவார். நம்மைக் கண்டாலே கசப்பு கொள்ளும் மாற்றுக் கட்சி நண்பரும், "இந்த வாரம் என்ன எழுதிக் கிழித்திருக்கிறார்கள், பார்ப்போம்" என்று சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு இதே தலைப்பைத்தான் வெறித்துக் கொண்டிருப்பார். உனக்கு ஒரு சொல், முதியவருக்கு வேறு சொல், மாற்றாருக்கு இன்னொரு சொல் என்று அச்சு எந்திரம் மாற்றி மாற்றி அடிப்பதில்லை. எழுத்து ஒன்று; ஏடு ஒன்று; பொறுப்பும் ஒன்று. தவறாக எழுதினால் தட்டிக் கேட்க ஊரே இருக்கிறது.

"ஏடு என்றால் அப்படித்தானே இருக்கும்? இதில் என்ன அதிசயம்?" என்று கேட்பாய். அதிசயம் இதில் இல்லை, தோழனே. உன் சட்டைப் பையில் இருக்கிறது! அங்கே உறங்கும் கைப்பேசியை எழுப்பிப் பார். நீயும் உன் அண்ணனும் ஒரே பாயில் அமர்ந்து, ஒரே நேரத்தில், ஒரே சொல்லைத் தேடினாலும், உனக்கு வருவது அவருக்கு வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவருக்குத் தெரிகிற செய்தி உனக்குத் தெரியாது. உனக்கு வருகிற விளம்பரம் அவர் கண்ணில் படாது. ஓர் ஊருக்கு ஓர் ஏடு என்ற காலம் போய், ஒரு வீட்டுக்கு நாலு ஏடு என்ற காலமும் போய், ஆளுக்கோர் ஏடு என்ற காலம் வந்து நம் மடியிலேயே அமர்ந்துவிட்டது. அந்த ஏட்டின் ஆசிரியர் யார் என்று கேட்டால், பெயர் இல்லை. அலுவலகம் எங்கே என்று கேட்டால், கடலுக்கு அப்பால் என்கிறார்கள். எந்த நெறிப்படி உனக்கு இதைக் கொடுத்தார்கள் என்று கேட்டால், அது வணிக இரகசியம் என்கிறார்கள்!

இந்த இரகசியத்தைத்தான் இந்த வாரம் நாம் பேசப் போகிறோம்.

வரலாற்றிலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துப் பாலோ ஆல்டோவில் உள்ள ஜெராக்ஸ் ஆய்வகத்தார், மின்னஞ்சல் வெள்ளத்தில் மூழ்கித் திணறியபோது, ஒரு வழி கண்டனர். ஒருவர் படித்து, 'இது நன்று, இது வீண்' என்று குறித்து வைத்தால், அந்தக் குறிப்பைக் கொண்டு மற்றவர் வேண்டியதைப் பொறுக்கி எடுக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். 'டேப்பஸ்ட்ரி' என்ற அந்த ஏற்பாடு 1992-இல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1994-இல் மின்னசோட்டா பல்கலைக் கழகத்தாரும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தாரும் இணைந்து 'குரூப்லென்ஸ்' என்பதை உருவாக்கினர். உன்னைப் போலவே இதுவரை மதிப்பெண் போட்டவர் யார் என்று கணக்குப் பார்த்து, அவர் விரும்பிய கட்டுரையை உனக்கும் நீட்டும் ஏற்பாடு அது. 1995-இல் மாசசூசெட்ஸ் கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரோபோன்டே, தனி ஒருவனுக்கென்றே தயாராகும் நாளேடு வரப்போகிறது என்று மகிழ்ச்சியோடு எழுதினார். 'தினசரி நான்' என்று அதற்குப் பெயரும் சூட்டினார். 1998-இல் அமேசான் என்ற இணையப் புத்தகக் கடை, இந்தப் பொருளை வாங்கியவர் வேறு எதை வாங்கினார் என்று பார்த்துப் பரிந்துரைக்கும் முறையைக் கடைக்குள் கொண்டு வந்தது. 2006 செப்டம்பரில் பேஸ்புக் எனும் முகநூல், செய்தி ஓடையைத் திறந்தது. 2009 டிசம்பர் 4-ஆம் நாள், கூகுள் நிறுவனம் அடுத்த அடி எடுத்து வைத்தது. கணக்குத் திறந்து உள்ளே வந்தவர்க்கு மட்டுமன்று, பெயர் சொல்லாமல் வந்து தேடுவோர்க்கும், முந்தைய 180 நாள் வரையிலான தேடலைக் கணக்கிலே கொண்டு விடையை வரிசைப்படுத்துவோம் என்று அறிவித்தது. எட்டு வரி அறிவிப்பைப் போல இலகுவாக வந்தது அது. ஆனால், அன்றோடு உலகத்தின் பொது நூலகம் கோடிக்கணக்கான தனி அறைகளாகத் தடுக்கப்பட்டது.

நான் எந்திரத்தைக் கண்டு மருளும் பழமைவாதி அல்லன். விளக்கு வந்ததும் இருட்டே இனிது என்று பாடியவர் கூட்டத்திலே நமக்கு இடமில்லை. ஆளுக்கேற்ற அறிவைத் தருவது நல்ல காரியம். மிக நல்ல காரியம். பார்வை குறைந்தவருக்குப் பெரிய எழுத்து வேண்டும். படித்துக் காட்டும் குரல் வேண்டும். கரும்பு விளைவிப்பவருக்கு நெல் நோயைப் பற்றி நூறு பக்கம் கொட்டுவதால் பயன் இல்லை. பத்தாம் வகுப்பு மாணவிக்கும் பல்கலைக் கழகப் பேராசிரியருக்கும் ஒரே விளக்கம் பொருந்தாது. இதை நமக்குக் கடல் கடந்து வந்து யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. சீர்காழியிலே பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். அரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தினுள் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார். படிப்பவருக்கு அவருக்குத் தகுந்த நூல் கிடைக்க வேண்டும், எழுதப்பட்ட நூலுக்கும் அதற்குத் தகுந்த வாசகர் கிடைக்க வேண்டும் என்பது அவர் காட்டிய நெறி. படிப்பவரின் நேரம் வீணாகக் கூடாது என்பதும் அவர் விதிதான்.

ஆனால், தோழனே, நூலகரையும் இந்த நிறுவனங்களையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா? எண்ணிப் பார்!

நல்ல நூலகர் உன்னைக் கேட்டு அறிகிறார்; மறைந்திருந்து வேவு பார்ப்பதில்லை. உனக்கு ஏற்ற நூலை எடுத்துக் கையில் கொடுக்கிறார். மற்ற அலமாரிகளைத் துணி போட்டு மூடுவதில்லை. "இதை ஏன் கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் காரணம் சொல்கிறார். நீ என்னென்ன படித்தாய் என்ற பட்டியலைத் தெருக்கோடி வியாபாரிக்கு விலை பேசுவதில்லை. மாலை மணி அடித்தால், "போதும், வீட்டுக்குப் போ" என்கிறார்; உன்னை இருக்கையோடு ஒட்டி வைப்பதால் அவருக்கு ஆதாயம் ஏதுமில்லை.

இங்கேயோ ஆதாயமே அதுதான்! நீ எந்தப் படத்தில் விரலை நிறுத்தினாய், எத்தனை நொடி நிறுத்தினாய், எதைப் பாதியில் தள்ளினாய், நள்ளிரவில் எதைத் தேடினாய் என்பதையெல்லாம் கணக்கெழுதுகிறார்கள். மளிகைக் கடைக்காரர் பற்று வரவு நோட்டில், நீ வாங்கிய பருப்பும் புளியும் இருக்கும். இவர்கள் நோட்டில், நீ வாங்காமல் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்ததும் இருக்கிறது! உன்னைப் போன்றே விரல் அசைக்கும் இலட்சம் பேரை ஒரு கட்டாகக் கட்டுகிறார்கள். அந்தக் கட்டில் உள்ளவர் எதைக் கண்டால் நின்று பார்க்கிறார்கள் என்று எந்திரம் கணிக்கிறது. ஒவ்வொரு செய்திக்கும் உனக்கென ஒரு மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண் மிகுந்தது மேலே வருகிறது. குறைந்தது கண்ணுக்கு எட்டாத பாதாளத்துக்குப் போகிறது. அல்காரிதம் என்று அவர்கள் அழகாகச் சொல்லும் சூத்திரத்தின் சாரம் இவ்வளவுதான்.

அந்த மதிப்பெண்ணை எதற்குப் போடுகிறார்கள்? உண்மைக்கா? நன்மைக்கா? 2017-இல் முகநூல் நிறுவனம், 'விருப்பம்' என்று காட்டும் குறியைவிட, சினம் உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு 5 மடங்கு எடை கொடுத்தது. நிறுவனத்துக்குள்ளேயே இதன் கேடு உணரப்பட்டு, அந்த எடை படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2020-இல் சினக் குறியின் எடை சுழியம் ஆக்கப்பட்டது. இது 2021-இல் உள் ஆவணங்கள் வெளிவந்த பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. எடைக்கல்லை மாற்றி வைத்தவனும் அவனே. திருப்பி வைத்தவனும் அவனே. சந்தைக்கு வந்த கோடிப் பேருக்கும் அந்தச் செய்தி தெரியாது! தராசுக்கு முத்திரையிட ஓர் அதிகாரி உண்டு. பெட்ரோல் போடும் குழாய்க்கும் முத்திரை உண்டு. மக்களின் சிந்தையை நிறுக்கும் இந்தத் தராசுக்கு முத்திரை எங்கே?

"செருப்பும் சேலையும் விற்கத்தானே இந்த ஏற்பாடு? அரசியலுக்கும் இதற்கும் என்ன உறவு?" என்று நீ கேட்கலாம். உறவு உண்டு, தோழனே, இரத்த உறவு!

2010 நவம்பர் 2-ஆம் நாள் அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல். அன்று முகநூலைத் திறந்த 6 கோடியே 10 இலட்சம் பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பெரும்பாலோருக்கு, "இன்று தேர்தல் நாள்" என்ற செய்தியோடு, வாக்களித்து வந்த நண்பர் சிலரின் முகங்களும் காட்டப்பட்டன. ஒரு சிறு பகுதியினருக்கு முகங்கள் இல்லாத செய்தி. இன்னொரு சிறு பகுதியினருக்குச் செய்தியே இல்லை. 2012-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த முடிவு என்ன தெரியுமா? அந்த ஒரு செய்தியால் கூடுதலாக விழுந்த வாக்குகள் ஏறத்தாழ 3,40,000 என்று மதிப்பிட்டனர். வாக்களிக்கச் சொன்னது நல்லதுதானே என்பாய். நல்லதுதான். ஆனால் யாருக்குக் காட்டுவது, யாருக்குக் காட்டாமல் விடுவது என்று தீர்மானிக்கும் விரல் எவருடையது? அந்த விரலுக்குச் சொந்தக்காரன் நாளை, "இந்தத் தெருவுக்குக் காட்டு, அந்தச் சேரிக்குக் காட்டாதே" என்று எண்ணினால், தடுக்கும் சட்டம் எது? கண்டுபிடிக்கும் கண் எது?

மற்றொன்று கேள். 2012 ஜனவரியில் ஒரு வாரம், 6,89,003 பேரின் செய்தி ஓடையில், சிலருக்கு மகிழ்ச்சிச் செய்திகளையும் சிலருக்குத் துயரச் செய்திகளையும் குறைத்துப் பார்த்தார்கள். குறைத்ததற்கேற்ப அவர்கள் எழுதும் சொற்களின் சாயலும் சற்றே மாறியது. மாற்றம் சிறிது; மிகச் சிறிது. ஆனால் 2014-இல் ஆய்வு வெளியாகும் வரை, தம் மனம் சோதனைச்சாலைக் குடுவையாக இருந்தது என்று அந்த ஏழு இலட்சம் பேருக்குச் சொன்னவர் எவரும் இல்லை.

இனி, பிரிட்டனுக்குப் போவோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்று 2016 ஜூன் 23-இல் அந்நாட்டு மக்கள் வாக்களித்தனர். நூற்றுக்கு 51.9 பேர் விலகல் என்றனர். தலைமுறைகளின் தலைவிதியைத் தீர்மானித்த வாக்கெடுப்பு அது. விலகலை வலியுறுத்திய அதிகாரப்பூர்வப் பிரசாரக் குழு, முகநூலில் பிரிவு பிரிவாக மக்களைப் பிரித்து விளம்பரம் அனுப்பியது. அவை என்னவென்று நாட்டுக்குத் தெரிந்தது எப்போது? 2018 ஜூலையில்! நாடாளுமன்றக் குழு ஒன்று முகநூல் நிறுவனத்திடம் கேட்டு வாங்கி வெளியிட்ட பிறகுதான்! வாக்குப் பெட்டி மூடி ஈராண்டு கடந்த பின்! துருவக் கரடிகளைக் காக்கப் பிரிட்டன் குரல் கொடுக்க முடியாமல் ஒன்றியம் தடுக்கிறது என்றது ஒரு விளம்பரம். உங்கள் தேநீரையே ஒன்றியம் ஒழிக்கப் பார்க்கிறது என்றது இன்னொன்று.

நாடகம் எழுதுகிறவன் கையில் இந்தச் செய்தி சிக்கினால் சும்மா இருப்பானா? இதோ என் கற்பனைக் காட்சி:

இடம்: இலண்டன் நகரத்துத் தேநீர் விடுதி. வாக்களித்துத் திரும்பிய இருவர் எதிரெதிரே அமர்கின்றனர்.

முதல்வர்: வாக்களித்தாகிவிட்டது, நண்பரே! இனித் துருவக் கரடிக்கு வாழ்வுதான்!

இரண்டாமவர்: கரடியா? கரடி எங்கே வந்தது? நான் என் தேநீரைக் காப்பாற்ற வாக்களித்தேன்.

முதல்வர்: தேநீருக்கு என்ன ஆபத்து? நாம் இருவரும் ஒரே கட்சிக்காரர்தானே?

இரண்டாமவர்: ஒரே கட்சிதான், ஒரே வாக்குதான். ஆனால் எனக்குக் கரடியை யாரும் காட்டவில்லையே!

முதல்வர்: எனக்குத் தேநீரைக் காட்டவில்லையே!

(பரிமாறுபவர் குறுக்கிடுகிறார்.)

பரிமாறுபவர்: ஐயா, நீங்கள் வெற்றி பெற்றால் கேட்டதை யாரிடம் போய்க் கேட்பீர்கள்? கரடிக்கு வாக்குறுதி தந்தவர் மேடையில் கரடியைப் பற்றிப் பேசவே இல்லையே!

சிரிப்பு வருகிறதா? சிந்தனையும் வரட்டும். பரிமாறுபவன் கேட்ட கேள்வியில்தான் குடியாட்சியின் உயிர் இருக்கிறது. அந்த விளம்பரங்களால்தான் அந்த முடிவு வந்தது என்று நான் வாதிடவில்லை. ஆயிரம் காரணங்கள் இருந்தன. நான் சொல்வது வேறு. ஒரு வாக்குறுதி ஊரறியச் சொல்லப்பட்டால், அது கடன். கொடுத்தவன் கழுத்தில் கிடக்கும் கயிறு. காதோடு சொல்லப்பட்டால், அது கனவு. விடிந்ததும் கலைந்து போகும். மேடையில் நின்று நான் உழவரிடம் ஒன்றும் ஆலைத் தொழிலாளரிடம் அதற்கு நேர்மாறாக இன்னொன்றும் பேச முடியாது. இருவரும் ஒரே மணலில் அமர்ந்திருக்கிறார்கள். பேசினால், மறுநாள் எதிர்க்கட்சி மேடையில் என் தோல் உரியும். அந்த அச்சம் இருக்கிறதே, தோழனே, அதுதான் மேடைப் பேச்சாளனை நாணயமாக வைத்திருக்கும் கடிவாளம். காதோடு பேசுகிறவனுக்குக் கடிவாளம் இல்லை.

அடுத்து, நம் வீட்டு வாசலுக்கே வந்த கதை. 2018 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற நிறுவனத்தின் பெயர் உலகெங்கும் நாறியது. குணநலன் சோதனை என்று சொல்லி முகநூலில் ஒரு செயலி. அதை எடுத்தவர் சில இலட்சம் பேர். அவர்களின் நண்பர்கள் என்ற ஒரே குற்றத்துக்காக விவரம் பறிபோனவர்களையும் சேர்த்தால் 8 கோடியே 70 இலட்சம் பேர் வரை என்று முகநூல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. இந்தியாவில் அந்தச் செயலியை ஏற்றியவர் 335 பேர்; பாதிக்கப்பட்டிருக்கக் கூடியவரோ 5,62,455 பேர்! முந்நூற்றுச் சொச்சம் பேர் கதவைத் திறக்க, ஐந்தரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டில் கொள்ளை! அந்த விவரங்களைக் கொண்டு வாக்காளரை மந்திரம் போட்டு மாற்றினார்கள் என்பதை ஆய்வாளர் பலர் ஏற்கவில்லை. அந்நிறுவனம் அளந்த பெருமையில் பாதிக்கு மேல் வெறும் வியாபாரப் பேச்சு என்கின்றனர். இருக்கட்டும். கத்தி கூர்மையில்லாதது என்பதற்காக, கழுத்துக்கு நேரே நீட்டியவனை மன்னித்துவிடுவதா? அமெரிக்க வணிக ஆணையம் 2019 ஜூலையில் முகநூலுக்கு 500 கோடி டாலர் தண்டம் விதித்ததே, அது விளையாட்டுக்காகவா?

இந்த இடத்தில் இரண்டு மறுப்புரைகள் எழும். மறைக்காமல் எடுத்து வைக்கிறேன்.

முதலாவது: "நீங்கள் நடத்துவது கட்சி ஏடு. உங்களுக்கு ஏற்றதைப் போட்டு, ஏற்காததை விட்டு, உங்கள் ஆட்களுக்கு உங்கள் சோற்றையே ஊட்டுகிறீர்கள். நீங்கள் முகநூலைக் குறை சொல்லலாமா?" நல்ல கேள்வி. ஆம், இது கட்சி ஏடுதான். அதை நெற்றியிலே எழுதிக்கொண்டுதான் விடியற்காலையில் கடைக்கு வருகிறது. காசு கொடுத்து வாங்கும்போதே இதன் சாய்வு உனக்குத் தெரியும். பக்கத்திலேயே மாற்றாரின் ஏடும் தொங்குகிறது. இந்தச் சாய்வு உனக்கு ஒரு மாதிரியும் உன் தம்பிக்கு வேறு மாதிரியும் மாறுவதில்லை. எழுதியவனை ஊருக்குத் தெரியும், வழக்குப் போடலாம், மறுப்பு எழுதலாம், கூட்டம் போட்டுக் கிழிக்கலாம். கொடி பிடித்துக்கொண்டு வருபவன் எதிரியாக இருந்தாலும் அவனோடு போராட முடியும். நடுநிலை வேடம் புனைந்து, உன் நிழலைப் போல உன்னையே பின்தொடர்ந்து வருபவனோடு எங்கே போராடுவாய்?

இரண்டாவது மறுப்புரை ஆய்வாளர்களுடையது. 2020 அமெரிக்கத் தேர்தலின்போது, ஒரு பகுதியினருக்கு மூன்று மாதம் இந்தத் தனித்தேர்வை நிறுத்தி, வந்த நேர வரிசையிலேயே பதிவுகளைக் காட்டிப் பார்த்தனர். 2023-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த முடிவின்படி, அவர்கள் அங்கே செலவிட்ட நேரம் குறைந்தது. ஆனால் அரசியல் கருத்துகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நம்பத்தகாத செய்திகள் கண்ணில் படுவதும் சற்றே கூடியது. "பார்த்தீர்களா, சூத்திரத்தின் மேல் பழி போடாதீர்கள்!" என்கின்றனர். ஆய்வை மதிக்கிறேன், அதை மறைப்பது பகுத்தறிவு ஆகாது. ஆனால், என் வழக்கு வேறு. சூத்திரத்தை நிறுத்தினால் மூன்று மாதத்தில் எல்லோரும் ஞானிகளாகி விடுவார்கள் என்று நான் மருந்து விற்க வரவில்லை. என் வீட்டுக் கதவின் சாவி என் கையில் இருக்க வேண்டும் என்கிறேன். சாவி கையில் இருந்தால் திருட்டு ஒழியுமா என்று கேட்பது வேறு கேள்வி. சாவி எனக்கு உரியது என்பது உரிமை. அதற்கு ஆய்வுச் சான்று தேவையில்லை.

வள்ளுவர் வேந்தனுக்கு இடித்துரைக்கும் துணையை வலியுறுத்தினார். குடியாட்சியிலே வேந்தன் நீதான், தோழனே! உன் வாக்குத்தான் செங்கோல். அந்த வேந்தனைச் சுற்றி, அவன் விரும்புவதை மட்டுமே விரும்பிய நேரத்தில் சொல்லும் துதிபாடிகளை நிறுத்திவிட்டால், அரண்மனை இனிக்கும், ஆட்சி கெடும். உன் கைப்பேசி உனக்குச் சாமரம் வீசுகிறது. வீசட்டும், ஆனால் சாமரம் வீசுகிறவனுக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று நீ கேட்க வேண்டாமா?

உலகம் கேட்கத் தொடங்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தை நிறைவேற்றியது. அங்கே 4 கோடியே 50 இலட்சம் பயனாளருக்குக் குறையாத பெரிய தளங்கள், பயனாளரின் குணத்தை அளந்து தேர்ந்து தராத ஒரு வழியையும் அவருக்குத் திறந்து வைத்தாக வேண்டும். எதைக் கொண்டு வரிசைப்படுத்துகிறோம் என்பதன் முக்கிய அளவுகோல்களை எளிய சொல்லில் கூறியாக வேண்டும். சிறுவரை அளந்து அவர்களுக்கு விளம்பரம் காட்டக் கூடாது. மதம், அரசியல் கருத்து போன்ற நுண்விவரங்களைக் கொண்டு எவருக்குமே விளம்பரம் குறிவைக்கக் கூடாது. காட்டிய விளம்பரங்கள் பொதுக் களஞ்சியத்தில் கிடைக்க வேண்டும். இவை 2023 ஆகஸ்டு முதல் அந்தப் பெரிய தளங்களைக் கட்டுப்படுத்தி வருகின்றன.

நம் நாட்டில்? 2017 ஆகஸ்டு 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். ஆறு ஆண்டுகள் கழித்து, 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பதினெட்டு வயது நிரம்பாதோரைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அச்சட்டம் தடுக்கிறது. வரவேற்போம். ஆனால் வயது வந்தவருக்கு, "என்னை அளக்காமல் காட்டு" என்று சொல்லும் உரிமை அதில் எழுதப்படவில்லை. அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள ஒரு பெரிய வாசல் மட்டும் அகலத் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது! அரசியல் விளம்பரங்களின் பட்டியலைப் பெருநிறுவனங்கள் 2019 முதல் இங்கே தாமாக முன்வந்து வெளியிட்டு வருகின்றன. தாமாகக் கொடுத்ததைத் தாமாக நிறுத்திக்கொள்ளவும் முடியுமன்றோ? பிச்சையாக வருவது வேறு. உரிமையாக வருவது வேறு.

எனவே, நாம் கேட்பது மூன்று.

ஒன்று: சாவி எங்கள் கையில் வேண்டும். தனித்தேர்வு வேண்டும் என்பவருக்கு அது இருக்கட்டும். வேண்டாம் என்பவர் ஒரே தொடுதலில் நிறுத்தும் உரிமையைச் சட்டம் தரவேண்டும். அந்தப் பொத்தான் ஏழு கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கக் கூடாது. தமிழிலே, தெளிவான தமிழிலே, கண்முன் இருக்க வேண்டும்.

இரண்டு: காரணம் சொல்ல வேண்டும். இந்தச் செய்தி ஏன் என் முன் வந்தது, என்னைப் பற்றிய எந்த விவரம் அதை அழைத்து வந்தது, அதற்குப் பணம் கொடுத்தவர் யார் என்று கேட்டால் விடை வேண்டும். தராசுக்கு முத்திரை போல, இந்தச் சூத்திரங்களைத் திறந்து சோதிக்கச் சார்பற்ற தணிக்கை வேண்டும்.

மூன்று: அரசியல் விளம்பரம் எதுவாயினும், ஒருவருக்குக் காட்டினால், அதே நாளில் ஊரறியப் பொதுப் பதிவேட்டில் ஏறவேண்டும். யாரைக் குறிவைத்தது, எவ்வளவு செலவு என்பதும் அங்கே இருக்க வேண்டும். அதைத் தேர்தல் ஆணையம் நடத்த வேண்டும். நிறுவனத்தின் தயவில் விடக் கூடாது.

இந்த மூன்றாவது கோரிக்கை நம் இயக்கத்தையும் சேர்த்தே கட்டும். நன்றாக அறிந்துதான் எழுதுகிறேன். நமக்கும் தேர்தல் உண்டு; நம் பக்கத்திலும், "வார்டு வார்டாக, ஆள் ஆளாக, காதோடு பேசும் வித்தை நமக்கும் வேண்டாமா?" என்று கேட்கும் இளைஞர் உண்டு. அவர்களுக்கு என் விடை: வேண்டாம், தம்பி! மேடையால் வளர்ந்த இயக்கம் இது. முடிதிருத்தகத்திலும் தேநீர்க் கடையிலும் படிப்பகத்திலும் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டு, கேட்ட பத்துப் பேரும் வாதாடி வளர்ந்த இயக்கம். ஊரறியச் சொல்ல முடியாத கருத்து நம்மிடம் இருக்குமானால், அதைத் திருத்திக்கொள்வோமே தவிர, மறைவாக விற்க மாட்டோம். மாற்றாருக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டம் கேட்கும் நாளில், கேட்கும் தகுதியை நாம் இழந்துவிடுவோம்.

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்பதா? வேண்டியதில்லை. கைப்பேசியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, தேடல் நினைவையும் பார்வை நினைவையும் விளம்பரக் குறிவைப்பையும் நிறுத்தும் இடங்கள் உள்ளனவா என்று பார், உள்ளவரை நிறுத்து. வாரத்தில் ஒரு நாளாவது மாற்றார் ஏட்டை முழுவதும் படி. உன் படிப்பகத்தில் இரண்டு நண்பர்களை அழைத்து அமர்த்தி, மூன்று கைப்பேசிகளையும் அருகருகே வைத்து, ஒரே சொல்லைத் தேடிப் பாருங்கள். மூன்றிலும் வருவதை ஒப்பிட்டுப் பேசுங்கள். எவர் கண்ணுக்கு எது மறைக்கப்பட்டது என்று அப்போது தெரியும். மறைக்கப்பட்டதை மற்றவர் வாயால் அறிவதற்குப் பெயர்தான் பொதுவாழ்வு.

அதன்பின் இந்த மூன்று கோரிக்கைகளையும் எழுதி, உன் நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பு. அவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும் அனுப்பு. ஒப்பமிட்ட கடிதமாக அனுப்பு. அவருக்கு நீ எழுதியதை ஊரார் எல்லோரும் படிக்கலாம் என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடு. நமக்கு ஒளிக்க ஒன்றுமில்லை என்பதை அந்த ஒரு வரியே சொல்லிவிடும்.